கேள்வி கேட்காத பெட்டி

ராஜாத்தியைப் பற்றி அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். ரேஷன் கடைக்காரர், தண்ணீர் லாரி டிரைவர், கேபிள்காரன், வீட்டுக்காரரின் மச்சான் என்று யாரும் அதிலிருந்து தப்பியதில்லை. அவள் நடந்து வந்தாலே சிலர் கடைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வார்கள்.

பிறந்தபோது அப்படி இல்லை. வியாசர்பாடியில், பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்தில் கரி தள்ளிய ஒருவருக்கு மூத்த மகளாகப் பிறந்தாள். சுவரில் புத்தர் படம் இருந்த வீடு. படித்துவிட்டால் எவன் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். ராஜாத்தி படித்தாள், கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டில், உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலைக்குச் சேர்ந்தாள். அதே யார்டில் கிரேன் ஓட்டிய ஜெயவேலைக் கட்டிக்கொண்டாள். திருவொற்றியூரில், பெரிய ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். மகள் பிறந்தாள். மகிழினி என்று ஜெயவேல் பேர் வைத்தான்.

மகிழினிக்குப் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கண்ணைப் பார்க்கமாட்டாள். ஆனால் காது மட்டும் பயங்கரக் கூர்மை. ரோட்டில் ட்ரெய்லர் லாரி ஏர் ஹாரன் அடித்தால் போதும், காதிரண்டையும் பொத்திக்கொண்டு ஓடிப்போய் நெற்றியைச் சுவரில் மோதுவாள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் பகலெல்லாம் அந்த ரோட்டில்தான் வரிசைகட்டி நிற்கும். நின்றால் டிரைவர் ஹாரன் அடிப்பான், நகர்ந்தால் அடிப்பான், முன்னால் இருக்கிறவன் தூங்கிவிட்டானோ என்ற சந்தேகத்தில் அடிப்பான். பிள்ளையின் நெற்றியில் தோல் தடித்துப் போனது.

ராஜாத்தியின் வாய் அங்கேதான் வளர்ந்தது. "டிவி போட்டு விடும்மா, சரியாப் பூடும்" என்ற டாக்டரிடம். "மத்த பசங்களுக்குத் தொந்தரவா இருக்கு" என்று சேர்த்த வாரத்திலேயே திருப்பி அனுப்பிய பள்ளிக்கூடத்தில். "எதுக்கும் ஒரு தபா மந்திரிச்சிப் பாரேன்" என்ற பக்கத்து வீட்டில். ஆட்டிசம் என்ற சொல்லை எழும்பூரில் ஒரு டாக்டரம்மா உட்காரவைத்து விளக்கிச் சொல்லும்வரை, அவள் பார்த்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் குற்றவாளியாகப் பார்த்தார்கள்.

பிள்ளையை அடக்கியது பாட்டுதான். ஜெயவேல் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேசட் சேர்த்து வைத்திருந்தான். படப் பாட்டு, கானா, புளியந்தோப்பு பேண்டு செட்காரர்கள் கல்யாண வீட்டில் வாசித்தது என்று எல்லாம் கலந்து கிடந்தது. ஒருநாள் டேப்பில் ட்ரம்பெட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஹாரன் அடித்தது. மகிழினி காதைப் பொத்தவில்லை. டேப் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டு நிற்கக்கூடாது என்று ஆயிற்று. வரிசையும் மாறக்கூடாது. ட்ரம்பெட்டுக்குப் பிறகு படகுப் பாட்டு, அதற்குப் பிறகு கட்டைக் குரலில் ஒரு கானா. மாறினால் சுவர்தான்.

கேசட் எத்தனை நாள் தாங்கும்? நாடா சிக்கியது, அறுந்தது, இழுத்தது. அப்போது கைகொடுத்தவன் ராஜாத்தியின் தம்பி எழிலன். அவன் இன்ஜினியரிங் முடித்து, நகரத்தின் தென்கோடியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். அக்கா மகள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்து, கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினான். உள்ளறையில் கம்ப்யூட்டர், அங்கிருந்து ஒயர் இழுத்து முன்னறையில் ஒரு ஸ்பீக்கர், சமையல்கட்டில் ஒன்று, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஒன்று. மகிழினி வீட்டில் எங்கே நடந்தாலும் பாட்டும் கூடவே நடந்தது. முதல் நாள் அவள் முன்னறைக்கும் சமையல்கட்டுக்கும் மாறி மாறி ஓடிச் சிரித்ததைப் பார்த்து ராஜாத்தி தம்பிக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள்.

அதோடு அவன் கையை எடுத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

கம்ப்யூட்டரை இயக்க முதலில் அதில் இருந்தது கடைக்காரன் போட்டுக் கொடுத்த திருட்டு சிஸ்டம். வைரஸ் வந்தது. பாதிப் பாட்டில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. எழிலன் அதைத் துடைத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டான். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவனுக்கு ஓடுவது போதாது. லினக்ஸில் புதிதாக ஒன்று வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. பையில் சிடியோடு வருவான்.

"க்கா, இது சூப்பரா கீது. சவுண்டு அப்டியே துல்லியமா வரும்."

"இப்ப வர்ற சவுண்டுக்கு இன்னாடா கேடு?"

"அது பழசுக்கா."

"நானும்தான்டா பழசு. என்னியும் மாத்திடு."

அவன் சிரிப்பான். அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து மாற்றிவிடுவான். மாற்றிய மறுநாள் ஏதாவது ஒன்று நிற்கும். ஒரு தடவை வரிசை கலைந்தது. ஒரு தடவை சமையல்கட்டு ஸ்பீக்கர் ஊமையானது. ராஜாத்தி யார்டில் இருப்பாள்; பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்துத் தெரு இருதயம்மாள் போன் பண்ணுவாள். பின்னால் மகிழினியின் அலறல் கேட்கும். யார்டில் பெட்டி எண்ணைத் தட்டிக்கொண்டே ராஜாத்தி போனில் தம்பியைத் திட்டுவாள். அவன் கம்பெனியிலிருந்து போனிலேயே சரிசெய்யச் சொல்லிக்கொடுப்பான். இருதயம்மாளுக்குக் கீபோர்டில் எழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பல் வந்திருந்ததால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளைக்குத் துணையாக எழிலன் வந்தான். ஊட்டினான், முன்னறையில் தூங்கவைத்தான். அவள் நன்றாகத் தூங்குவதைப் பார்த்ததும் பையிலிருந்து சிடியை எடுத்தான். எழுந்திருப்பதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

முடிந்தும்விட்டது. திரையில் பாட்டு ஓடியது. சத்தம்தான் வரவில்லை. அவன் மேசைக்கு அடியில் படுத்து ஒயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஹாரன் அடித்தது. மகிழினி விழித்தாள். சுவரிலிருந்து, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து, எங்கிருந்தும் பாட்டு இல்லை. சமையல்கட்டுக்கு ஓடினாள், இல்லை. பின்பக்கம் ஓடினாள், இல்லை. பாட்டைத் தேடிக்கொண்டே அவள் வாசலைத் தாண்டியது மேசைக்கு அடியில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

ராஜாத்தி வேலை முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ரோட்டில் கூட்டம். ஒரு ட்ரெய்லர் லாரி நடுரோட்டில் நின்றிருந்தது. டிரைவர் கீழே இறங்கி, தலையில் கைவைத்துக்கொண்டு, "நான் இடிக்கலீங்க, அதுவா பூந்துடுச்சிங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். எழிலன் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்து, "மகி, மகிம்மா, வாடா செல்லம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். ராஜாத்தி பையைப் போட்டுவிட்டு ஓடினாள். சக்கரங்களுக்கு நடுவில், காதைப் பொத்திக்கொண்டு, மகிழினி உட்கார்ந்திருந்தாள். நெற்றியை லாரியின் இரும்பில் இடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் மூக்குவரை வந்திருந்தது.

"இஞ்சின ஆப் பண்ணுய்யா மொதல்ல!" என்று ராஜாத்தி கத்தினாள். டிரைவர் அணைத்தான். அவள் புடவையோடு தரையில் படுத்து உள்ளே ஊர்ந்தாள்.

கிட்டே போய்க் கையை நீட்டினால் பிள்ளை இன்னும் உள்ளே நகர்ந்தாள். தொட்டால் அந்தப் பக்கம் ஓடிவிடுவாள். அந்தப் பக்கம் எதிர்லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ராஜாத்திக்கு வேறு வழி தோன்றவில்லை. பாட ஆரம்பித்தாள். அவளுக்குப் பாட வராது. ட்ரம்பெட்டை வாயால் ஊதினாள், படகுப் பாட்டைப் பாடினாள், கட்டைக் குரலில் கானாவைப் பாடினாள், அதே வரிசையில். பின்னால் நின்ற லாரிக்காரன் என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஹாரன் அடித்தான். ஒரு அடியைப் பாடி, அடுத்த அடிக்கு முன் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டி, மறுபடி விட்ட இடத்தில் பாட்டைப் பிடித்தாள். கண்ணில் எண்ணெய் சொட்டியது. அந்தக் கோபத்திலும் தாளம் மட்டும் தப்பவே இல்லை. பாட்டில் அவளுக்கு வார்த்தை மறந்துபோன ஒரு இடத்தில், மகிழினி காதிலிருந்து கையை எடுத்து அம்மாவின் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள் ராஜாத்தி.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எழிலன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பாட்டு ஓடியது. அவன் கண் வீங்கியிருந்தது.

"க்கா, சின்ன மேட்டர்தான்க்கா. புதுசுல சவுண்ட மியூட்ல வச்சிதான் குடுக்கிறான். அத்த எடுத்து உட்டா…"

ராஜாத்தி மருந்துச் சீட்டை, யார்டிலிருந்து வந்திருந்த ஜெயவேலிடம் கொடுத்தாள்.

"சின்ன மேட்டரு," என்றாள். "எம் பொண்ணு லாரி கீய இருந்து வந்துகிறா. உனுக்கு இன்னும் மியூட்டு பத்திதான் பேச்சு. உனுக்கு அது வெளாட்டு சாமான்டா. அவளுக்கு அதான் செவுரு, அதான் கூரை. குடியிருக்கிற வூட்டுக் கூரைய வாராவாரம் பிரிச்சிப் பிரிச்சி மாட்டுவியா நீ?"

"ராஜாத்தி, உடு, அவனும் வோணும்னா பண்ணான்?" என்றான் ஜெயவேல்.

"நீ சும்மா இருய்யா. இவன் என்னாண்ட எத்தினி தபா பல்ல இளிச்சிக்கினு போயிருக்கான். டேய், எந்திரி. அந்தப் பையத் தூக்கு. இனிமே இந்த வாசப்படி மிதிச்ச, அக்கான்னு பாக்கமாட்டேன், தம்பின்னும் பாக்கமாட்டேன். போய்க்கினே இரு."

எழிலன் போனான். அந்தப் புது சிடியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனான்.

மறுநாள் ராஜாத்தி யார்டுக்கு லீவு சொன்னாள். அந்தக் கம்ப்யூட்டரை இனி நம்புவதில்லை என்று முடிவு. ஆனால் அதை விட்டால் வேறு நாதியுமில்லை. வீட்டில் மிச்சமிருந்த கேசட்டுகளைப் போட்டுவிட்டு, இருதயம்மாளைக் காவல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனாள். மார்க்கெட் பக்கத்தில் மஹீன் என்ற பெண் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். பாட்டையெல்லாம் சிடியில் எழுதிப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் ராஜாத்தி போனது.

எழுதுவதற்கு நேரமானது. ராஜாத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் ஒன்று மாற்றி ஒன்று பாதியில் உறைந்து நின்றுகொண்டே இருந்தன. "அக்கா, ஸ்டக் ஆயிடுச்சி" என்று யாராவது கத்துவார்கள். மஹீன் எழுந்துபோய் அணைத்துப் போடுவாள். ஆனால் அவள் நாற்காலிக்குக் கீழே, தூசி படிந்த ஒரு பெட்டி மட்டும் சத்தம்போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட் அதன் வழியாகத்தான் போகிறது என்றாள் மஹீன்.

"அது நிக்காதா?"

"எங்க அண்ணன் துபாய் போறதுக்கு முன்னால போட்டுக் குடுத்துட்டுப் போனதுக்கா. நான் தொட்டதே கெடையாது. கரண்டு போனா நிக்கும், வந்தா அதுவா எந்திரிச்சிக்கும்."

"உள்ள இன்னா போட்டுகிறான்?"

"லினக்ஸ்தான். டெபியன்னு ஒண்ணு. அதுலயும் புதுசு இல்ல, ஸ்டேபிள்னு, நல்லா சோதிச்சது ஒண்ணு தனியா உடுவாங்க. ரொம்பப் பழசுக்கா. எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க."

லினக்ஸ் என்றதும் ராஜாத்திக்குச் சுரீரென்றது. "அந்தப் பேர என்னாண்ட சொல்லாத. எந்தம்பி இதே பேரச் சொல்லித்தான் எம் பொண்ண ரோட்டுக்கு அனுப்புனான்." கடையே திரும்பிப் பார்த்தது. மஹீன் என்னவென்று கேட்டாள்; கேட்டால் முழுசாகச் சொல்லித்தானே ஆகவேண்டும். நடந்ததை அங்கேயே, அத்தனை பேர் முன்னால் கொட்டினாள்.

மஹீன் கடைசிவரை கேட்டுவிட்டு, "உங்க தம்பி போட்டது லினக்ஸ்ன்றதால நிக்கலக்கா. புதுசுன்றதால நின்னுச்சி," என்றாள். "புதுசுல எங்க ஒடையும்னு யாருக்கும் தெரியாது. நாமதான் மொத ஆளு. பழசுல வர்ற தப்பெல்லாம் எவனோ ஏற்கெனவே பட்டு, சரிபண்ணி வச்சது. அவ்ளோதான் வித்தியாசம்."

"நல்லாப் பேசுற. எந்தம்பியும் நல்லாத்தான் பேசுவான். நான் பாத்தாதான் நம்புவேன்."

அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்ததும் ராஜாத்தி மஹீன் கடைக்குப் போனாள். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவளுடைய கம்ப்யூட்டரை வைத்தார்கள். மூன்று சிஸ்டத்தையும் அதில் போட்டுப் பார்த்துவிடுவது என்று ராஜாத்தி பிடிவாதமாக இருந்தாள்: வாடிக்கையாளர் மெஷினில் இருந்தது, எழிலன் மறந்துவிட்டுப் போனது, மஹீனின் பழசு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்குவாள். சாதாரணமாகப் பிடுங்கமாட்டாள், தம்பி கழுத்தைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்குவாள். மஹீன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"டிஸ்க்கு பூடும்க்கா!"

"போவட்டும். எங்க வூட்ல கரண்டு சொல்லிக்கினா போவுது?" பேட்டரி வைத்த யூபிஎஸ் ஒன்று வீட்டில் இருந்தது. கோடையில் அது கீச்கீச்சென்று கத்திவிட்டுச் செத்துவிடும்.

முதலாவது எழுந்து, திரையில் ஒரு கட்டத்தைக் காட்டி, யாராவது சரி என்று அழுத்தும்வரை அப்படியே நின்றது. எழிலனுடையது எழுந்து பாதியில் தடுமாறி, பாஸ்வேர்டு கேட்டது.

ராஜாத்தி திரையைப் பார்த்துக் கத்தினாள். "யார்ரா இருக்கா வூட்ல, உனுக்குப் பதில் சொல்ல? எம் பொண்ணு வாயத் தொறந்தா நான் ஏன்டா உன்னாண்ட வந்து நிக்கப்போறேன்?" பிறகு மஹீன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "பாரும்மா. எனுக்குக் கேள்வி கேக்காத ஒண்ணு வோணும். டாக்டர் கேக்கிறான், ஸ்கூல்ல கேக்கிறான், பஸ்ஸுல கேக்கிறான். இதுவும் கேட்டா இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

மஹீன் பழைய சிடியை எடுத்தாள்.

அதுவும் லேசில் வழிக்கு வரவில்லை. போட்டு முடித்தால், கம்ப்யூட்டரில் சத்தம் வரவைக்கிற சவுண்டு கார்டை அதற்கு அடையாளமே தெரியவில்லை. கார்டு புதுசு, சிஸ்டம் பழசு. மஹீன் தயங்கி, "இதுக்குன்னு கொஞ்சம் புது சாப்ட்வேர் எறக்கிப் போட்டா ஓடும்க்கா" என்றாள்.

"புதுசுன்னு சொன்ன, எந்திரிச்சிப் பூடுவேன். கார்ட மாத்து."

ஒரு சிஸ்டத்துக்காகக் கார்டை மாற்றுகிற ஆளை மஹீன் அதுவரை பார்த்ததில்லை. சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி என்றும் பட்டது. கடைப் பரணில் செத்த கம்ப்யூட்டர்கள் கிடந்தன. அன்று கூட வந்திருந்த ஜெயவேல் ஏறி இறக்கிக் கொடுத்தான். ஒன்றிலிருந்து, எந்தக் காலத்திலோ வந்த ஒரு கார்டைக் கழற்றி மாட்டினார்கள். ட்ரம்பெட் ஊதியது. ராஜாத்தி ப்ளக்கைப் பிடுங்கினாள். மறுபடி செருகினாள். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது, நின்றது, இன்னும் கொஞ்சம் ஓடியது. அப்புறம் யாரையும் எதுவும் கேட்காமல் படகுப் பாட்டு வந்தது. எழும்போதே வரிசையைப் பார்த்துத் தானாகப் பாட வேண்டும் என்று நாலு வரிக் கட்டளை எழுதிவைத்திருந்தாள் மஹீன்.

ராஜாத்தி இன்னொரு தடவை பிடுங்கினாள். இன்னொரு தடவையும். மஹீன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்க்கா. அது பாவம்."

வீட்டுக்குக் கொண்டுபோகும்போது மஹீன் ஒன்றே ஒன்று சொன்னாள். "இன்டர்நெட் ஒயர மட்டும் இதுல மாட்டாதீங்க. வெளிய இருந்து ஒண்ணும் வர வேணாம். பாடட்டும், அவ்ளோதான்." உள்ளே எதையாவது மாற்றினால் மட்டும் கேட்கிற பாஸ்வேர்டை ராஜாத்தியே அடித்தாள். அதை ஜெயவேலிடமும் சொல்லவில்லை.

அது பாடியது. வெயிலில் பாடியது, மழைத் தண்ணீர் வாசல்வரை வந்தபோதும் பாடியது. மேசையோடு தூக்கிக் கட்டிலின்மேல் வைத்தார்கள், அங்கிருந்து பாடியது. நெற்றித் தையல் ஆறித் தழும்பானது. இருதயம்மாள் யார்டுக்குப் போன் பண்ணுவதை நிறுத்தினாள். முதலில் போன் வராததற்கே ராஜாத்திக்குப் பதற்றமாக இருந்தது, அவளே கூப்பிட்டு, "இன்னா, ஒண்ணும் இல்லியே?" என்பாள். "பாடிக்கினு கீது" என்பாள் இருதயம்மாள்.

எழிலன் வாசலுக்கு வர மாதக்கணக்கானது. வந்தவன் உள்ளே வராமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றான். ஜெயவேல்தான் ஏற்பாடு என்று ராஜாத்திக்குப் பார்த்ததும் புரிந்தது. பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மகிழினி மாமனைப் பார்க்கவில்லை, ஆனால் எழுந்துவந்து அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். யாரிடமும் செய்யாதது அது. எழிலன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வா," என்றாள் ராஜாத்தி. "பொட்டியாண்ட போன, கைய ஒடிப்பேன்."

"போவமாட்டேன்க்கா."

சோறு போட்டாள். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், பாதியில் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை விட்டான். "இன்னா வெர்ஷன்க்கா?"

"சாப்புடு."

"இல்ல, சும்மா கேட்டேன். பாஸ்வேர்டு…"

"எழிலா!"

எழிலன் மறுபடி தட்டில் குனிந்தான். அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. லாரிக்கு அடியில் பார்த்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சோறு அவனுக்கும் சேர்த்து வைத்தாள்.

சில வருஷம் போனது. மகிழினி அம்மா தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஒரு காலை ராஜாத்தி சமையல்கட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றது. அதுவும் பாட்டு நடுவில், அறுத்த மாதிரி.

கரண்டியைப் போடக்கூடத் தோன்றாமல் ஓடினாள். ஓடும்போதே எல்லோர் மேலும் கோபம் கொப்பளித்தது. எழிலன் வந்து ஏதாவது நோண்டினானா, மஹீன் சொன்னது பொய்யா, கரண்டுக்காரன் ஒழிந்துபோக. உள்ளறையில் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மகிழினி அதன் முன்னால் நின்றிருந்தாள். ஒரு விரல் கீபோர்டின் நீளமான பட்டன்மேல் இருந்தது. வெளியே ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. மகிழினியின் தோள் குறுகியது. கை காதுவரை போனது. பிறகு திரும்பி வந்து பட்டனை அழுத்தியது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கொஞ்சம் கேட்டாள். மறுபடி அழுத்தினாள். வீடு நிசப்தமானது. ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, வெளியே என்ன இருக்கிறது என்று அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

அத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை ஒன்றை வேண்டாம் என்று சுவரில் மோதாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜாத்தியின் கையிலிருந்து மாவு தரையில் சொட்டியது. வாயில் இருந்த திட்டையெல்லாம் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிடலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தடுமாறினாள். தொட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தாள்.

வெளியே மறுபடி ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல்.

ராஜாத்தி திரும்பினாள். கரண்டியோடு வாசலைத் தாண்டினாள், சந்தைத் தாண்டினாள், ரோட்டில் வரிசையில் நின்ற முதல் லாரியின் கதவைக் கரண்டியால் படபடவென்று அடித்தாள். டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"இன்னாமா?"

"கையெடுய்யா அத்துலேருந்து! எம் பொண்ணு கேட்டுகினு இருக்கா!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டான். ராஜாத்தி அங்கே நிற்கவில்லை. அடுத்த லாரிக்குப் போனாள்.